அம்பர் மணிக்குக் கால் முளைத்தது

நாய் வளர்ப்பவர்களில் பல ரகம் உண்டு. நாயைப் பிள்ளை என்று கொஞ்சுகிறவர், பிள்ளையை நாயே என்று திட்டுகிறவர், தான் நாயை நடத்திக்கொண்டு போவதாக நினைத்துக்கொண்டு நாயால் இழுத்துச் செல்லப்படுகிறவர். இவர்களையெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஒருவர் உங்கள் எதிர்வீட்டிலேயே இருப்பார். நான் இன்று அறிமுகம் செய்ய வந்திருப்பது இவர்கள் எல்லோரையும்விட உயர்ந்த ஓர் இனம். ‘எங்க நாய்க்கு உண்ணியே வராது’ இனம்.

கவனியுங்கள், ‘வரவில்லை’ அல்ல, ‘வராது’. வரவில்லை என்பது தகவல். வராது என்பது தீர்மானம். தகவலை நாயின் காதைப் புரட்டிச் சரிபார்த்துவிடலாம். தீர்மானத்தை என்ன செய்வது?

புல் முளைக்கிற எல்லா ஊரிலும் இந்த இனம் உண்டு. ஆனால் கொழுத்த மாதிரிகளைப் பார்க்கவேண்டுமானால் எங்கள் ஸ்தோகிக்குத்தான் வரவேண்டும். குளிர்தேசத்துத் துறைமுகமான க்தான்ஸ்க் நகரத்து டிராம், இதற்கு மேல் போனால் கடலில்தான் விழவேண்டும் என்று திரும்பிக்கொள்ளும் இடம். ஒரு பக்கம் அடுக்குமாடிகள், மறுபக்கம் கடற்கரை, நடுவில் பைன் காடு. காட்டோரப் புல்லின் நுனியில், மாப்பிள்ளை அழைப்புக்கு நிற்கிறவர்களைப் போல, இரண்டு கைகளையும் விரித்தபடி உண்ணிகள்.

காலை நேரத்தில் எங்கள் கட்டடத்து வாசலில் இருக்கும் பிர்ச் மரத்தடியில் நாய்க்காரர்கள் கூடுவோம். அங்கே மனிதர்களின் பெயர் செல்லுபடியாகாது, நாயின் பெயர்தான். நான் க்ளூஸ்கா வீட்டு ஆள். ஸ்லாவா அக்கா, மாக்சியோட அம்மா. இப்படி. கூட்டத்தில் பேச்சு எங்கே தொடங்கினாலும், விலைவாசியில் தொடங்கினாலும், மருமகளில் தொடங்கினாலும், கடைசியில் உண்ணியில் வந்து ஒட்டிக்கொள்ளும். அதுதானே அதன் தொழில்?

ஸ்லாவா அக்கா வெண்ணெய்க் கட்சி. உண்ணி கடித்த இடத்தில் வெண்ணெயைப் பூசினால் அது மூச்சு முட்டித் தானாகவே கழன்றுகொள்ளும் என்பது கட்சியின் கொள்கை. “மூச்சு முட்டினா அது வயித்துல இருக்கிற அழுக்கையெல்லாம் நாயோட ரத்தத்துல கக்கும்மா. வெண்ணெயே வேணாம்” என்று கால்நடை டாக்டரம்மா பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டார். அக்கா யோசித்துவிட்டு, “சரி டாக்டர், இனிமே உப்பு போடாத வெண்ணெய் பூசறேன்” என்றாராம்.

ஆனால் வெண்ணெய்க்காரர்கள் உண்ணி என்று ஒன்று உண்டு என்பதையாவது ஒப்புக்கொள்கிறார்கள். நம்முடைய இனம் அதற்கும் மேலே.

இவர்களை அடையாளம் காண்பது எளிது. இவர்கள் குனிவதில்லை. தம் நாயை நின்ற உயரத்திலிருந்து மட்டுமே பார்ப்பார்கள். காதின் உட்புறம், அக்குள், விரல் இடுக்கு, வாலடி போன்ற பகுதிகள் தம் நாய்க்கு இருப்பதாகவே இவர்களுக்குத் தெரியாது. ‘நான் பார்த்ததே இல்லை’ என்பார்கள். அது முழு உண்மை. உங்கள் நாயிடம் ஒரு உண்ணியைக் கண்டால் மட்டும் குனிவார்கள். குனிந்து பார்த்து, நிமிர்ந்து, உங்கள் குடும்பத்தில் யாரோ ஜெயிலுக்குப் போன சேதியைக் கேட்டவர்போல ஒரு பார்வை பார்ப்பார்கள். “உங்க நாய்க்கு ரத்தம் இனிப்பு” என்பார்கள். “உங்க வீட்ல தரை ஓதமோ?” என்பார்கள். இவர்களுக்கு நிலவியல் அறிவும் அபாரம். உண்ணியெல்லாம் ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்க் கேட்டால், எல்லாம் ஸ்தோகியில்தான் என்று சொல்லும் இன்னொரு கிளை இருக்கிறது. காலக்கணிப்பும் அப்படியே. செப்டம்பர் கடைசி நாளில் உண்ணிகள் எல்லாம் பெட்டி கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடும் என்பது இவர்கள் நம்பிக்கை. உண்ணிக்கு யார் இந்தக் காலண்டரைக் கொடுத்தது?

இந்த இனத்தின் தலைமகன் எங்கள் மூன்றாம் மாடி போகுமில். ஓய்வு பெற்ற டிராம் டிரைவர். நகரத்திலிருந்து ஸ்தோகிக்கும் ஸ்தோகியிலிருந்து நகரத்துக்கும் வாழ்நாள் முழுக்க ஓட்டியவர். தண்டவாளத்தில் போகிறவனுக்கு வழி தவறாது, அதனால் கருத்தும் தவறாது என்பது அவர் துணிபு. அவருடைய நாய் போன்ச்செக். ஜாம் வைத்துப் பொரித்த உருண்டைக்கு இங்கே அதுதான் பெயர். பழுப்பு நிற டாக்ஸ்ஹுண்டு. நீளத்தில் ரயில், உயரத்தில் செருப்பு. வயிற்றால் புல்லைத் துடைத்துக்கொண்டு போகும். டிராம் டிரைவரின் நாய் என்பதாலோ என்னவோ, வழியில் கைநீட்டுகிற எல்லோரையும் டிக்கெட் கேட்காமல் ஏற்றிக்கொள்ளும்.

அப்படியும் போன்ச்செக்குக்கு உண்ணி வராது. ஏன்? அதன் கழுத்தில் அம்பர் மாலை.

புயல் அடித்து ஓய்ந்ததும் எங்கள் கடற்கரையில் பாசியோடு அம்பர் ஒதுங்கும். மனிதன் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு பைன் மரத்தில் வழிந்த பிசின் கல்லாகிப் போனது அது. மெருகு போட்டால் தேன். போடாவிட்டால் பழைய வெல்லத் துணுக்கு மாதிரி மங்கலாக, சாம்பலும் மஞ்சளுமாக, பார்க்க ஒன்றுமில்லாமல் இருக்கும். போகுமில் மெருகு போடமாட்டார். போட்டால் ‘சக்தி’ போய்விடுமாம். பொறுக்கிய துண்டுகளைத் தானே துளையிட்டு, தோல்வாரில் கோத்து நாய்க்கு மாட்டியிருந்தார்.

“முடியில உரசும்போது கரண்ட் உண்டாகும். உண்ணி காலை வச்சா ஷாக்!” என்பார்.

“நாய்க்கு ஷாக் அடிக்காதா அண்ணே?” என்று ஒருநாள் கேட்டேன்.

“நாற்பது வருஷம் தலைக்கு மேல கரண்டை வச்சுக்கிட்டு டிராம் ஓட்டினவன்கிட்ட கேக்கிற கேள்வியா இது? நாய்க்கு நாலு கால். எர்த் ஆயிடும்.”

“உண்ணிக்கு எட்டுக் கால் ஆச்சே?”

போகுமில் என்னை அனுதாபத்தோடு பார்த்தார். “எட்டும் தரையில இருந்தாத்தானேய்யா எர்த்?”

நான் க்ளூஸ்காவை இழுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

அவரிடம் ஆதாரமும் இருந்தது. ஒன்று, மாலையின் நடுமணி. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் உள்ளே ஒரு பூச்சி உறைந்து கிடக்கும். அவர் கண்ணுக்கு அது உண்ணி; என் கண்ணுக்குக் கொசு. “பாத்துக்க, அப்பவே புடிச்சிருக்கு” என்பார். இரண்டாவது ஆதாரம் இன்னும் வலுவானது. அவர் வீட்டுக் கம்பளத்தில் அவ்வப்போது செத்த உண்ணிகள் கிடைக்கும். ஒரு தீப்பெட்டியில் போட்டு மரத்தடிக்கே எடுத்துவந்து காட்டுவார். சுருங்கி, காய்ந்து, கால்களை மடக்கிக்கொண்டு. “ஷாக்கு!” என்பார். ஸ்லாவா அக்காவே ஒருமுறை கலங்கிப்போய், அம்பர் என்ன விலை என்று விசாரித்தார்.

போகுமிலின் மனைவி ஒதிலியா இந்தப் பேச்சு நடக்கும்போதெல்லாம் பக்கத்தில்தான் நிற்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். தலையை மட்டும் ஆட்டுவார். அவர் கணவரின் பேச்சை ரசிக்கிறார் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

போன இலையுதிர் காலத்தில் ஒதிலியாவுக்கு மூட்டுவலிக்காக சானட்டோரியத்தில் இடம் கிடைத்தது. வருஷக்கணக்கில் காத்திருந்து கிடைத்த இடம். உப்புக் காற்றைச் சுவாசித்து, சேற்றில் படுத்து, சாயங்காலம் மற்ற மூட்டுவலிக்காரர்களோடு நடனம் ஆடிவிட்டு வரலாம். கல்லறைத் திருநாளுக்கு முன்னால் திரும்பிவிடுகிறேன் என்று பெட்டியோடு டிராம் ஏறினார். ஏறும்போது சொன்ன கடைசி வார்த்தை எங்களுக்கும் கேட்டது. “ஃபிரிட்ஜுல சின்னத் தட்டுல ஈரல் சாஸேஜ் ஒரு துண்டு வச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை போன்ச்செக்குக்குக் குடு. மறக்காதே போகுஷ்.”

“போ, போ. எனக்குத் தெரியாதா?” என்றார் போகுமில்.

அக்டோபர் அந்த ஆண்டு வசந்தகாலம் மாதிரி இருந்தது. நாங்கள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நடந்தோம். டாக்டரம்மா எல்லோரையும் எச்சரித்தார்: புல்வெளி உண்ணிக்கு இந்த இளஞ்சூடுதான் விருந்து, உறைபனி விழும்வரைக்கும் விடாது, விழுந்தாலும் நடுவில் வெயில் அடித்தால் எழுந்து வரும். போகுமில் சிரித்தார். சீசன் முடிந்த பிறகு உண்ணி வருவது, கடைசி டிராம் போன பிறகு ஸ்டாப்பில் நிற்பதைப் போலவாம்.

ஒதிலியா வரவேண்டிய நாள் காலை. மரத்தடிக்குப் போகுமில் வந்தார். போன்ச்செக் நடந்து வரவில்லை. அவர் கையில் இருந்தது. கீழே விட்டார். நின்ற இடத்தில் நின்றது. க்ளூஸ்கா போய் முகர்ந்தாள்; போன்ச்செக் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மற்ற நாளில் மாக்சியைக் கண்டால் கட்டடமே அதிரக் குரைக்கிற நாய்.

“என்ன அண்ணே, பையன் டல்லா இருக்கான்?” என்றார் ஸ்லாவா அக்கா.

“ஏக்கம். ஒதிலியா போனதுலேர்ந்து ரெண்டு நாளா சாப்பாடே இல்ல.”

“அவங்க போயி மூணு வாரமாச்சே. இப்பத்தான் ஏக்கம் வந்துதா?”

“ஆம்பளைங்க நாங்க உள்ளுக்குள்ள வச்சிருப்போம். மெதுவாத்தான் வெளிய வரும்.”

உள்ளே வைத்திருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. போன்ச்செக் காலைத் தூக்கக்கூடத் தெம்பில்லாமல், நின்றபடியே பிர்ச் மரத்தடியில் சிறுநீர் கழித்தது. பழுப்புச் சிவப்பு. ஆறிப்போன கடுங்காப்பி மாதிரி.

நான் போகுமிலைப் பார்த்தேன். ஸ்லாவா அக்காவும் பார்த்தார். போகுமில் அசரவில்லை.

“பீட்ரூட் சூப்” என்றார்.

“என்னது?”

“முந்தாநாள் பீட்ரூட் சூப் வச்சேன். அடுப்படியில வச்சிருந்த சட்டியை நக்கியிருப்பான். எனக்கும் இப்படித்தான் போவுது. பாக்கறீங்களா?”

“வேணாம்!” என்றோம் இருவரும் ஒரே குரலில்.

இந்த நாட்டில் அது எடுபடக்கூடிய வாதம். பீட்ரூட் சூப் குடித்துவிட்டு மறுநாள் கழிவறையில் உயிலைப் பற்றி யோசிக்காத ஆள் இங்கே கிடையாது. ஒரு கணம் நானே நம்பிவிட்டேன். போன்ச்செக் மட்டும் நம்பவில்லை. மெதுவாகப் பின்காலை மடக்கி, பக்கவாட்டில் சாய்ந்து, புல்லில் படுத்துவிட்டது. மூச்சு வேகமாக வாங்கியது.

ஸ்லாவா அக்கா மண்டியிட்டு அதன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். தடவிக்கொண்டே கழுத்து மாலையை நகர்த்தினார். மணி, மணி, மணி. சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

“அண்ணே.”

“என்ன?”

“உங்க அம்பருக்குக் கால் முளைச்சிருக்கு.”

போகுமில் குனிந்தார். எங்களுக்குத் தெரிந்து அவர் தன் நாயின் பக்கம் குனிந்தது அதுவே முதல் முறை. மாலையில் இரண்டு அம்பர் துண்டுகளுக்கு நடுவில், அதே சாம்பல், அதே மங்கல், அதே பருமனில் ஒரு மணி. தோல்வாரில் கோக்கப்படாத மணி. நாயில் கோக்கப்பட்ட மணி. அது கால்களை ஆட்டியது.

“இதைத்தான் நேத்து துணியால துடைச்சேன்” என்றார் போகுமில் மெல்லிய குரலில். “மங்கலா இருக்கேன்னு.”

“வெண்ணெய்! ஓடிப்போய் வெண்ணெய் எடுத்துட்டு வரேன்!”

“வெண்ணெயை வச்சா மணி வழுக்கும்” என்றார் போகுமில். இந்த நிலையிலும் கருத்து விடவில்லை அவரை. “அம்பர்ல இன்னும் கரண்ட் ஏறல. கொஞ்சம் தேய்ச்சா…”

நாய் கிடக்கிறது, ஒருவர் வெண்ணெய், ஒருவர் மின்சாரம். அந்த நேரத்தில் டிராம் வந்து நின்றது. ஒதிலியா பெட்டியோடு இறங்கினார். சேற்றில் படுத்துப் பத்து வயது குறைந்திருந்தார். தூரத்திலேயே கையை ஆட்டினார். நாங்கள் யாரும் திருப்பி ஆட்டவில்லை. பெட்டியை நடுச் சாலையில் விட்டுவிட்டு ஓடிவந்தார்.

ஒரு பார்வை நாயை. ஒரு பார்வை மரத்தடி ஈரத்தை. பிறகு கணவரை.

“போகுஷ். அந்த சாஸேஜைக் குடுத்தியா?”

“எந்த சாஸேஜ்?”

“சின்னத் தட்டுல வச்சிருந்தேனே!”

“ஓ, அதுவா.” போகுமில் தொண்டையைக் கனைத்தார். “நல்ல சாஸேஜ். கடுகு சாஸோட ரொட்டியில வச்சு நானே சாப்பிட்டேன். நாய்க்கு வேற குடுத்துட்டேன்.”

ஒதிலியா கண்ணை மூடினார். திறந்தார்.

“அதுக்குள்ள ஒண்ணும் கடிபடலையா?”

“ஏதோ கெட்டியா இருந்துது. குருத்தெலும்புன்னு நெனச்சேன்.”

“குருத்தெலும்பு இல்லடா மனுஷா. உண்ணி மாத்திரை!”

ஒதிலியா கோட்டைக் கழற்றி நாயை அதில் சுருட்டிக்கொண்டே பேசினார். “வருஷா வருஷம் நான்தான் குடுக்கறேன். சாஸேஜுக்குள்ள வச்சு. கம்பளத்துல செத்து விழுந்துது பாரு, அதெல்லாம் மாத்திரை கலந்த ரத்தத்தைக் குடிச்சதால செத்துது. உன் ஷாக்குல இல்ல. சொன்னா மாத்திரை விஷம், கம்பெனிக்காரன் சூழ்ச்சின்னு ரெண்டு மணிநேரம் பேசுவே. நாய் உயிரோட இருந்தா போதும், பேரு உன் மாலைக்கே போகட்டும்னு விட்டேன். டாக்ஸியைக் கூப்பிடு. நிக்காதே!”

கிளினிக்கில் டாக்டரம்மா முதலில் ஈறைப் பார்த்தார். வெளிறிப் போயிருந்தது. கொக்கி போன்ற சின்னக் கருவியை உண்ணிக்கு அடியில், தோலை ஒட்டிச் செருகி, நசுக்காமல் எடுத்துச் சீசாவில் போட்டார். வெண்ணெய் இல்லாமல், மின்சாரம் இல்லாமல். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி நுண்ணோக்கியில் பார்த்தார்.

“உண்ணிக் காய்ச்சல்தான். கிருமி சிவப்பணுக்களை உடைச்சிட்டிருக்கு. சிறுநீர்ல வந்தது அதுதான். இன்னிக்கு சாயங்காலம் கொண்டு வந்திருந்தீங்கன்னா நான் ஊசி போடவேண்டியிருக்காது.”

“பாத்தியா, ஊசியே தேவைப்பட்டிருக்காது…” என்று தொடங்கிய போகுமில், ஒதிலியாவின் முகத்தைப் பார்த்து அர்த்தம் புரிந்து நிறுத்திக்கொண்டார்.

ஊசி போட்டார்கள். ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். பிழைக்குமா என்று கேட்டதற்கு டாக்டரம்மா, “சிறுநீரகம் தாங்கணும். இப்ப சொல்ல முடியாது” என்று மட்டும் சொன்னார். மாலையைக் கழற்றிப் போகுமில் கையில் கொடுத்தார். கொடுக்கும்போது நடுமணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“உள்ள பூச்சி இருக்கே.”

“உண்ணி” என்றார் போகுமில், பழக்க தோஷத்தில்.

“இருக்கலாம். நாலு கோடி வருஷம் முன்னாடி ஒண்ணைப் புடிச்சிருக்கு. அதுக்கப்புறம் வேலைக்கு வரல போலிருக்கு.” பிறகு அவரை மேலும் கீழும் பார்த்தார். “மாத்திரை சாப்பிட்டது நீங்கதானே? மூணு வாரம் ஆச்சு, ஒண்ணும் ஆகல. எதுக்கும் உங்க டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. இந்த சீசன்ல உண்ணி வராத ஒரே ஆள் உங்க வீட்ல நீங்கதான்.”

போகுமில் சிரிக்கவில்லை. அன்று முழுக்க, கிளினிக்கில் நாயை வைத்திருந்த கூண்டுக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மறுநாளும். கல்லறைத் திருநாளன்று ஊரே மெழுகுவர்த்தியும் செவ்வந்தியுமாகப் போய்க்கொண்டிருந்தபோதும் அங்கேயேதான். நான் ஒருமுறை எட்டிப் பார்த்தேன். கம்பிக்குள் விரலை விட்டு நாயின் காதைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒரு காது, மறு காது, விரல் இடுக்கு ஒவ்வொன்றாக. ஒரு கருத்தும் சொல்லவில்லை. எனக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது, நாயைவிட அதிகமாக அவரைப் பற்றி.

போன்ச்செக் பிழைத்தது. ஈரல் சாஸேஜின் வாசனைக்கு முதன்முதலாகத் தலையைத் தூக்கியது என்று ஒதிலியா சொன்னார்.

இத்தோடு போகுமில் திருந்தினார், இனம் அழிந்தது என்று நான் எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். எனக்கும் எழுதக் கை கூசும். வசந்தகாலம் வந்தது. பிர்ச் மரத்தடியில் போகுமில் முதல் ஆளாக நின்றார். போன்ச்செக் மாக்சியைப் பார்த்துக் கட்டடம் அதிரக் குரைத்தது. அதன் வயிற்றில் புது மாத்திரை. கழுத்தில்? கழுத்தில் மாலையேதான்.

“மாத்திரை இல்லாம நாயை வெளிய கூட்டிட்டு வரவங்களை என்னன்னு சொல்றது?” என்று அவர் தொடங்கினார். “ஃபிப்ரவரியிலேயே குடுக்கணும். குளிர்காலத்துலயும் நிறுத்தக்கூடாது. அக்டோபர்தான் ரொம்ப மோசம். நான் எப்பவும் சொல்றதுதான் இது.”

ஸ்லாவா அக்காவுக்கு இருமல் வந்துவிட்டது. “அப்ப அந்த மாலை எதுக்கு அண்ணே?”

“மாத்திரை உள்ள போயி ரத்தத்துல கலந்தாத்தானே அம்பருக்குக் கரண்ட் பாயும்? சும்மா மாலையை மட்டும் மாட்டறவன் மடையன்.”

“நீங்க சாஸேஜைச் சாப்பிட்டது?”

போகுமில் நெஞ்சை நிமிர்த்தினார். “அது சோதனை. வளர்க்கிறவன் முதல்ல தான் சாப்பிட்டுப் பாக்கணும். அதுக்கப்புறம்தான் நாய்க்கு.”

பக்கத்தில் நின்ற ஒதிலியா ஒரு வார்த்தை பேசவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். ஆனால் நடை முடிந்து வாசலுக்குள் நுழையும் முன்பு ஒன்று பார்த்தேன். போகுமில் காலணிக்கயிற்றைக் கட்டுகிற பாவனையில் குனிந்து, யாரும் பார்க்காதபடி, போன்ச்செக்கின் மாலையை மணி மணியாகத் தடவிப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் கால் இருக்கிறதா என்று.

நீங்கள் சிரிக்கிறீர்கள். எங்கோ குளிர்தேசத்து டிராம் டிரைவரைப் பற்றி என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்களிடமும் ஒரு மாலை இருக்கும், இல்லையா? அதனால்தான் என் வியாபாரம் ஓடுகிறது, அதனால்தான் என் பிள்ளை படிக்கிறான், அதனால்தான் என் வீட்டில் சண்டையே வராது என்று நீங்கள் நாலு பேரிடம் தூக்கிக் காட்டுகிற ஏதோ ஒன்று. அதைக் காட்டும்போது பக்கத்தில் ஒருவர் ஒன்றும் பேசாமல் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு நிற்கிறாரா?

அப்படியானால், அவர் ஊருக்குப் போகிற வாரத்தில், ஃபிரிட்ஜில் சின்னத் தட்டில் இருப்பதைத் தயவுசெய்து நீங்கள் தின்றுவிடாதீர்கள்.